இலையும் எலையும்: முதற்பருவ எழுத்துப் பாடத்தில் சொற்றேர்வு

ஒன்றாம் வகுப்பின் முதற்பருவத்தில் குழந்தை கற்கும் தமிழ் அளவாற் சிறிது. உயிரெழுத்துகளின் வடிவம், அவற்றின் ஒலி, எழுத்துக்கு ஒரு படம், படத்திற்கு ஒரு சொல் என்னும் இவையே அதன் பெரும்பகுதி. இத்துணைச் சிறிய பாடத்தைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை எடுத்தாராய்தல் வேண்டுமோ எனச் சிலர் வினவக்கூடும். முதுகலை மாணவர்க்கு எழுத்ததிகாரம் கற்பிக்கும் நாம், அதே எழுத்து ஐந்து வயதுக் குழந்தையிடம் எவ்வாறு சென்று சேர்கிறது என்பதை நோக்காது விடுதல் முறையன்று. நோக்கினால், இலக்கணம் வல்லார் என்றோ திருத்தியிருக்கவேண்டிய பிழையொன்று அங்கே தலைமுறை தலைமுறையாக நிலைபெற்றிருத்தல் புலனாகும்.

நம் ஆய்வுக்குரிய களமாக இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய வடசென்னைப் பகுதிகளைக் கொண்டோம். துறைமுகமும் மீன்பிடித் தொழிலும் ஆலைகளும் செறிந்த இந்நிலத்து மக்களின் பேச்சைக் கொச்சை என இகழ்தல் நகரத்தில் நெடுநாளைய வழக்கம். ஆயின் எழுத்தோடு தொன்மையான தொடர்புடைய ஊரும் இங்கேதான் உள்ளது. திருவொற்றியூர் இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்பது ஒரு பெயர். கோயில்களின்மேல் வரி விதித்து அரசன் விடுத்த ஓலையில் ஒற்றியூர் மட்டும் நீங்கலாக என வரியிடையே இறைவன் எழுதிச் சேர்த்தான் என்பது அப்பெயர்க்குக் கூறப்படும் கதை. வள்ளலார் அப்பெயராலேயே ஒரு மாலை பாடினார். அக்கோயிலில் பாணினியின் இலக்கணம் விரித்துரைக்கப்பட்ட வியாகரணதான மண்டபம் இருந்தமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பாணினீயத்தின் தலையில் நிற்கும் பதினான்கு சூத்திரங்கள் ஒலிகளை நிரல்படுத்திய முறை நூலாசிரியனுக்கு உதவுவது. எழுதப் பழகுவோனை எண்ணி அமைந்ததன்று. எழுத்தின் வரிசை பயன் நோக்கி மாறும் என்பதற்கு அஃதோர் எடுத்துக்காட்டு.

அண்மைக் காலத்தில் பள்ளிச் சீர்திருத்தங்கள் பெரிதும் கவலையுற்றது இவ்வரிசையைப் பற்றியும் கற்பிக்கும் முறையைப் பற்றியுமே. செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுதும் பரவியது. 2012-13இல் முப்பருவ முறை வந்தது. 2022 சூன் திங்களில் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறது. அகரம் முதலாக ஓதுவிப்பதா, கைக்கு எளிய ட, ப, ம போன்ற வடிவங்களிலிருந்து தொடங்குவதா என்னும் பூசல் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கைக்கு வடிவ வரிசையும், பின்னர் அகராதி புரட்டுதற்கு நெடுங்கணக்கு வரிசையும் வேண்டும் என்பதற்கு மேல் அதில் சொல்ல மிகுதியாக இல்லை. வரிசையைப் பற்றி நிகழ்ந்த விவாதம் பெரிது. எழுத்தை உணர்த்த எடுத்துக்கொள்ளும் சொல்லைப் பற்றி நிகழ்ந்தது சிறிது. நாம் ஆராயப்புகுவது அச்சொல்லையே.

அரிச்சுவடிகளிலும் கடைகளில் விற்கும் சுவர்ப்படங்களிலும் வழிவழியாக வரும் நிரல் எல்லாரும் அறிந்தது. அகரத்திற்கு அணில் அல்லது அம்மா, ஆகாரத்திற்கு ஆடு, இகரத்திற்கு இலை, ஈகாரத்திற்கு ஈ, உகரத்திற்கு உரல், எகரத்திற்கு எலி, ஒகரத்திற்கு ஒட்டகம் என அது செல்லும். இந்நிரலைக் கண்ணாற் படிக்கும்போது குற்றம் யாதும் தோன்றாது. செவியாற் கேட்டால் தோன்றும். தமிழ்நாட்டில் இலையை இலை எனப் பேச்சில் வழங்குவார் அரியர்; எலை என்றே வழங்குகின்றனர். உரலை ஒரல் என்கின்றனர். ஆகவே இகரத்தை உணர்த்த வந்த படம் எகரத்தை உணர்த்துகிறது. உகரத்தை உணர்த்த வந்த படம் ஒகரத்தை உணர்த்துகிறது. எலை, எலி என்னும் இரண்டு அட்டைகளையும் ஒரு குழந்தையிடம் கொடுத்து, முதலொலி ஒத்தவற்றைச் சேர்க்கச் சொன்னால் அவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும். அது செவியின் குற்றமன்று, செவியின் கூர்மை.

இவ்வொலி மாற்றம் ஒழுங்கற்ற சிதைவு அன்று. சொல்லின் முதலசையில் வரும் இகர உகரங்கள், ஒற்றை மெய்யை இடையிட்டு அகரமோ ஆகாரமோ ஐகாரமோ தொடரின் எகர ஒகரங்களாகத் திரியும். இடம் எடம் ஆகும். நிலா நெலா ஆகும். கிழங்கு கெழங்கு ஆகும். குடம், புகை, புறா, உலகம் என்பன கொடம், பொகை, பொறா, ஒலகம் ஆகும். இரட்டித்த மெய்யோ இணைந்த மெய்களோ இடைநின்றால் திரிபு இல்லை. அதனாலேயே இலை எலையாகும். இல்லை என்பதோ இல்லையாகவே நிற்கும். இகரத்தொடும் உகரத்தொடும் எகர ஒகரங்கள் மயங்கும் இந்நிலை திராவிட மொழிகளில் தொன்மையானது. 1940இல் தாமசு பரோவும் 1958இல் பத்திரிராசு கிருட்டிணமூர்த்தியும் இதனைத் தனிக்கட்டுரைகளில் ஆராய்ந்தனர். நாம் இலை, உடல் என எழுதும் சொற்கள் கன்னடத்தில் எலெ, ஒடல் என எகர ஒகரம் பெற்று எழுத்திலேயே நிற்கின்றன. கன்னட நாட்டுக் குழந்தைக்கு எகரத்தின் படமாகத் தக்கது தமிழ்க் குழந்தைக்கு இகரத்தின் படமாக வைக்கப்பட்டுள்ளது.

தொல்காப்பியர் பிறப்பியலில் இ, ஈ, எ, ஏ, ஐ என்னும் ஐந்தையும் ஒரு தன்மையவாகக் கூறி, உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் ஐந்தையும் இதழ் குவிந்து பிறப்பனவாக மற்றொரு தொகுதியாக்கினார். இகரமும் எகரமும் வாயில் அண்டை வீட்டார். அண்டை ஒலிகளைப் பிரித்துக் காட்டவேண்டிய இடத்தில் சொற்றேர்வு மிகுந்த விழிப்போடு அமைதல் வேண்டும். ஈராயிரம் ஆண்டு இலக்கண மரபுடைய மொழியில் அவ்விழிப்பு இங்கே இல்லை என்பது வருந்தத்தக்கது.

பழைய திண்ணைப் பள்ளியில் இச்சிக்கல் எழவில்லை. பிள்ளை மணலில் விரலால் எழுதி, ஆனா, ஆவன்னா என எழுத்தின் பெயரை உரக்கச் சொன்னான். எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே படமும் பொருளும் புகவில்லை. (இம்மணலெழுத்தைச் சென்னையிற் கண்டே ஆண்டுரு பெல் எழும்பூர் அநாதைப் பள்ளியில் அதனை மேற்கொண்டார், 1797இல் நூலெழுதி இங்கிலாந்திற்கு அறிவித்தார்.) ஆத்திசூடியும் அகரவரிசையில் நடப்பதுதான், ஆயின் அது ஆசான் ஓதக் கேட்டு ஓதப்படுவது. எழுதியபடி ஒலிக்கும் முறை ஆசான் வாயிலிருந்தே பிள்ளைக்குக் கிடைத்துவிடும். அச்சுப் புத்தகத்தில் படம் வந்தபோது நிலை மாறியது. படம் ஒலியைத் தருவதில்லை. காண்பவன் தன் வீட்டுச் சொல்லை அதற்கு ஈகிறான். படத்தை ஏற்றவர்கள் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்கவில்லை. திண்ணைப் பள்ளியின் பிரம்படியை நாம் விரும்பவில்லை. அதன் ஓசைநெறி பிழைபடாதது என்பதே நாம் கூறுவது.

இனி, இப்பிழை எல்லாக் குழந்தைகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. எலை என்பது மயிலாப்பூரிலும் மதுரையிலும் இராயபுரத்திலும் பொதுவான பேச்சு. ஆயினும் கதைப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டும் வீட்டில் பிறந்த பிள்ளை, பள்ளிக்கு வருமுன்னரே இலை என்னும் மற்றோர் ஒலிப்பையும் கேட்டிருக்கும். விடியுமுன் காசிமேட்டு ஏலத்திற்குப் புறப்படும் தாயும், ஆலையில் இரவு முறை முடித்து வரும் தந்தையும் உள்ள வீட்டில் படித்துக் காட்ட நேரம் ஏது? அப்பிள்ளை கேட்டது எலை ஒன்றே. அட்டையைக் காட்டி முதலெழுத்து யாது என ஆசிரியர் வினவுங்கால், தன் செவியை நம்பும் பிள்ளை எகரம் என்னும். அது தவறு எனக் குறிக்கப்படும். சுவர்ப்படத்தை நெட்டுருச் செய்த பிள்ளை இகரம் என்னும். அது சரி எனக் கொள்ளப்படும். ஒலியைப் பகுத்துக் கேட்கும் ஆற்றலே எழுத்தறிவின் அடிப்படை. அவ்வாற்றல் உடைய பிள்ளை அரும்பு நிலையிலேயே நிறுத்தப்பட்டு, அஃதில்லாத பிள்ளை மொட்டு நிலைக்கு உயர்த்தப்படுதல் கூடும். இதன் பின்விளைவு மதிப்பெண்ணோடு நிற்பதன்று. தான் கேட்பதை நம்பலாகாது என்னும் பாடத்தை அக்குழந்தை தன் முதற்பருவத்திலேயே கற்றுவிடுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் காத்தல் இன்றியமையாதது. வீட்டை வூடு என்பதும், பெட்டியைப் பொட்டி என்பதும், இருக்கிறது என்பதைக் கீது என்பதும், பழத்தைப் பயம் என்பதும் வட்டாரத்தானும் சமுதாயப் பிரிவானும் வேறுபடுவன. எலை அத்தகையதன்று. வடசென்னைப் பிள்ளை எலை என்றதும் அது சேரிப்பேச்சின் விளைவு என எண்ணித் திருத்தும் ஆசிரியர், தம் வீட்டுக்குச் சென்று எலை போட்டாயிற்றா என வினவுவார். வூடு முதலியனவும் சிக்கல் தருவனவே. ழகரத்திற்கு யாழ் எழுதியிருப்பதைக் காண்க. வழக்கொழிந்த கருவியைப் படமாக்கி, நாவில் வழங்காத ஒலியை அதனால் உணர்த்த முயல்வது இரட்டைச் சுமை. ழகரத்தை எந்தப் படமும் கற்பிக்காது. ஆசிரியரின் நா ஒன்றே கற்பிக்கும்.

வட்டாரச் சொற்களைப் பாடத்தில் புகுத்தினால் குறை நீங்கும் என்பாரும் உளர். கடற்கரைப் பிள்ளைக்கு ஒட்டகமும் உரலும் எதற்கு, அவன் அறிந்த மீனும் வலையும் படகும் ஆகாவோ என்பர். நல்லெண்ணம் உடைய கருத்துத்தான். ஆயின் அதுமட்டும் போதாது. எண்ணூர்க் கழிமுகம் இறாலுக்குப் பெயர்பெற்றது. ஆதலின் இகரத்திற்கு இறால் எனப் படம் வரைந்தோம் என்று கொள்வோம். அங்குள்ளார் அதனை எறா என்றே சொல்வர். இலையால் நேர்ந்த பிழையே இறாலாலும் நேரும். வட்டார மணம் கமழ்ந்தபடியே நேரும். பிள்ளை அறிந்த பொருளாயிருத்தல் இரண்டாவது தேவை. எழுத்தும் பேச்சும் ஒலியில் ஒத்திருத்தலே முதல் தேவை. ஓர் உலர்ந்த ஒலியியல் விதி இங்கே பரிவைவிட மிகுந்த நன்மை செய்கிறது.

பள்ளி கற்பிக்கவேண்டியது எழுத்துத் தமிழே. பேச்சுக்கு இடங்கொடுப்பின் செந்தமிழ் கெடும் என்னும் மறுப்பு நாம் எதிர்பார்ப்பது. எலை என எழுதச் சொல்வாரில் நாம் அல்லேம். பேச்சும் எழுத்தும் ஒத்த சொற்கள் தமிழில் நிரம்ப இருக்க, ஒவ்வாத சொல்லை முதல் நாளிலேயே முன்வைப்பது ஏன் என்பதே நம் வினா. இகரத்திற்கு இட்டலி உண்டு, இடி உண்டு, இஞ்சி உண்டு. இட்டலி பாடப்புத்தகத்திற்கு மாண்பன்று எனக் கருதுவார் இஞ்சியைக் கொள்க. உகரத்திற்கு உப்பைவிடச் சிறந்த சொல் இல்லை. எண்ணூரை அடுத்த உப்பளங்களை அறிந்த பிள்ளைக்கு அது கண்ணறிந்த பொருளுமாகும். ஈ என்னும் சொல்லோ நிரல் முழுவதிலும் மிகச் சிறந்தது. எழுத்தே சொல்லாய், சொல்லே ஒலியாய், பேச்சிலும் எழுத்திலும் மாறாது நிற்கும் அவ்வோரெழுத்தொருமொழியைத் தேர்ந்தவர் யாவராயினும் நம் பாராட்டுக்குரியர். ஆடு, ஊசி, ஏணி, ஓணான் ஆகியவற்றிலும் குறையில்லை. எலியும் ஏணியும் யகரச் சாயலும், ஒட்டகம் வகரச் சாயலும் பெற்று ஒலித்தல் உண்டு, அது பொறுக்கத்தக்கது.

எஞ்சியவை ஐ, ஔ, ஆய்தம். ஐந்து என்பது பேச்சில் அஞ்சு. ஐவர் என்பது பேச்சிலேயே இல்லை. ஐயா ஒன்று வாய்க்கும். அகரத்தின்பின் யகர மெய் வந்து ஐகாரத்தை ஒத்தல் மொழிமரபில் கூறப்பட்டிருத்தலின், ஐகாரத்தைச் சற்றுப் பின்னர்க் கற்பித்தாலும் இழப்பில்லை. ஔகாரத்திற்கு ஔவையை விட்டால் வேறு போக்கில்லாமை அனைவரும் அறிவர். ஆய்தத்திற்கு எஃகு வைத்திருப்பதோ வியப்பைத் தருகிறது. ஆய்தம் மொழிக்கு முதலாகாது. முதலெழுத்தைக் கேட்டறியும் பயிற்சியில் எஃகுப் படத்தைக் காணும் பிள்ளை எகரம் எனச் சொல்லுமன்றி வேறென் செய்யும்? அதுவும், இரும்புத் தொழிலையே வாழ்வாகக் கொண்ட திருவொற்றியூர்க் குடும்பங்களில் அப்பொருளை ஸ்டீல் என்பரேயன்றி எஃகு என்பார் இலர். ஆய்தத்தை முதற்பருவத்திலிருந்தே நீக்கிவிடலாம்.

இலையும் உரலும் பாடத்திலிருந்து மறையவேண்டும் என்பது நம் கருத்தன்று. இரண்டாம் வகுப்பில், எழுத்துகளைப் பிழையின்றி அறிந்தபின், அவை ஒருங்கே வரட்டும். இலை, இறால், நிலா, உரல், குடம், புகை என ஒரு பத்தியும், இல்லை, கிண்ணம், குப்பை என மற்றொரு பத்தியும் கரும்பலகையில் எழுதி, வீட்டில் எவ்வாறு சொல்கிறீர்கள் என ஆசிரியர் வினவலாம். முதற்பத்தியின் சொற்கள் வாயில் மாறுவதையும் இரண்டாவதன் சொற்கள் மாறாமையையும் பிள்ளைகள் கேட்டுணர்வர். இடையே நிற்கும் மெய் ஒன்றா இரண்டா எனச் சிலர் எண்ணவும் தொடங்குவர். அன்று எறா என்று சொல்லிக்கொண்டே இறால் என எழுதும் காசிமேட்டுப் பிள்ளைக்கு, இரண்டும் தமிழே என்பதை யாரும் தனியே எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.