கூசன்ஸின் ஓபோ: ஒரு குரலின் வளமும் வரம்பும்

ஓபோ வாசிப்பவருக்குக் காற்று போதாமல் போவது அரிது. மிஞ்சிப்போவதுதான் தொல்லை. நாகஸ்வரத்துக்குச் சீவாளி போல ஓபோவுக்கும் இரட்டை நாணல் உண்டு, ஆனால் அதன் வாய் மிகமிகக் குறுகியது. இழுத்த மூச்சில் சிறு பங்குதான் அதற்குள் போகும். மீதி நெஞ்சிலேயே தேங்கிக் கெட்டுப்போகும். அதை வெளியே விட்ட பிறகுதான் புது மூச்சு எடுக்க முடியும். 1945இல் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் எழுதிய ஓபோ கன்செர்ட்டோ இந்தத் தொல்லையைக் கொஞ்சமும் பொருட்படுத்துவதில்லை. செல்லோக்களின் சின்ன முணுமுணுப்பு கேட்டதுமே ஓபோ நுழைந்துவிடுகிறது. 56 தாளக் கட்டங்களுக்கு ஏறத்தாழ ஓய்வே கிடையாது.

1947இல் ஆல்செயோ கல்லியேரா நடத்திய ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவுடன் ஆங்கில ஓபோ கலைஞர் லியோன் கூசன்ஸ் இதை 78 சுற்று இசைத்தட்டுகளில் பதிவுசெய்தார். அதுதான் இந்தப் படைப்பின் முதல் பதிவு. அடுத்த ஆண்டு ஸ்ட்ராஸ் முடிவுப் பகுதியைத் திருத்தி நீட்டியதால், பழைய முடிவைக் காட்டும் ஆவணமாகவும் அது நிற்கிறது. ஆனால் நான் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஆவண மதிப்புக்காக அல்ல, தொடக்கத்தில் அவர் மூச்சை வைத்திருக்கும் விதத்துக்காக. ஒரு நீண்ட வாக்கியத்தை நல்ல பாடகர் எங்கே அறுத்தால் பொருள் கெடாதோ அங்கே அறுப்பார். கூசன்ஸ் மூச்செடுக்கும் இடங்களும் அப்படித்தான். கார்வை நீளும்போது ஒலி தடிப்பதில்லை, உள்ளிருந்து மெல்லத் துடிக்கிறது. மேலே ஏறும் ஸ்வரங்கள் கூர்மையாவதில்லை. மூக்கால் பாடுவது போன்ற ஒலி என்று ஓபோவை ஒதுக்கியவர்கள் இந்த இரண்டு நிமிடத்தைக் கேட்டால் போதும்.

1897இல் லிவர்பூலில், பெல்ஜியத்திலிருந்து வந்து குடியேறிய இசைக் குடும்பத்தில் பிறந்தவர் லியோன். தாத்தா, அப்பா, அண்ணன் மூவருக்கும் யூஜின் என்றே பெயர், மூவரும் இசை நடத்துநர்கள். சகோதரிகள் மேரியும் சிடோனியும் ஹார்ப் கலைஞர்கள். 1914இல் பதினேழு வயதில் லண்டன் குவீன்ஸ் ஹால் இசைக்குழுவின் முதன்மை ஓபோ நாற்காலி அவருக்குக் கிடைத்தது. அதில் முன்பு இருந்தவர் பெல்ஜியக் கலைஞர் ஆன்ரி த புஷேர். அவருடைய குழைவான தொனிதான் தன்னை ஈர்த்தது என்று கூசன்ஸே சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தின் ஓபோ அன்று பெரும்பாலும் அசைவில்லாமல் நேராக ஒலித்தது. அதற்கு நடுவே வைப்ரேட்டோ சேர்த்து வாசித்த இளைஞரை மூத்த சகாக்கள் சிலர் வெறுத்தார்கள். பாரிஸின் லொரே பட்டறையில் 1907இல் செய்த ஓபோ ஒன்றையே வாழ்நாளின் பெரும்பகுதிக்கும் அவர் வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கருவி மாறவில்லை, ஒலியைப் பற்றிய எண்ணமும் மாறவில்லை. அவருடைய பலம் அங்கேதான் இருக்கிறது. பலவீனமும் அங்கேதான்.

பலத்தை முதலில் பார்ப்போம். மொசார்ட்டின் ஓபோ குவார்டெட், 1781இல் ஃபிரெட்ரிக் ராம் என்ற கலைஞருக்காக மியூனிக்கில் எழுதப்பட்டது. அதன் பிறகு நூறாண்டுக்கு மேல் ஓபோவைத் தனிக் குரலாக மதித்துப் பெரிய இசையமைப்பாளர்கள் எழுதியது மிகக் கொஞ்சம். ஷூமனின் மூன்று ரொமான்ஸ்கள் போன்ற சிலவே நினைவில் நிற்கின்றன. அந்த வறட்சி இங்கிலாந்தில் ஒரே மனிதரால் தீர்ந்தது. 1922இல் ஆர்னல்ட் பாக்ஸின் குவின்டெட், 1927இல் ஆர்தர் பிளிஸ்ஸின் குவின்டெட், 1932இல் பதினெட்டு வயது பெஞ்சமின் பிரிட்டனின் ஃபேன்டஸி குவார்டெட், 1944இல் வான் வில்லியம்ஸின் கன்செர்ட்டோ, 1952இல் மால்கம் ஆர்னல்டின் கன்செர்ட்டோ என எல்லாமே கூசன்ஸை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வான் வில்லியம்ஸின் கன்செர்ட்டோவை லண்டனில் அரங்கேற்றத் திட்டமிட்டிருந்தார்கள். ஜெர்மன் பறக்கும் குண்டுகளால் அது தடைபட்டு, கூசன்ஸ் பிறந்த லிவர்பூலிலேயே அரங்கேறியது. எட்வர்ட் எல்கர் 1930இல் அவருக்காக ஒரு சூட் தொடங்கி, ‘சலிலக்வி’ என்ற ஒரு பகுதியோடு நிறுத்திவிட்டார். ஒரு வித்வானின் சாரீரத்துக்காக ஒரு நாட்டின் இசையமைப்பாளர்கள் இப்படி வரிசையாக எழுதியது இசை வரலாற்றில் அபூர்வம்.

மொசார்ட் குவார்டெட்டை 1933இல் லேனர் குவார்டெட் கலைஞர்களோடு அவர் பதிவுசெய்தார். அவருடைய பதிவுகளில் எனக்கு இதற்கு மேல் ஒன்றில்லை. தந்திக் கருவிகளின் வழுக்கல்கள் இன்றைய காதுக்குப் பழையவை. ஓபோ மட்டும் பழையதாகவில்லை. கடைசிப் பகுதியில் ஓர் இடம் வருகிறது: தந்திகள் ஆறெட்டு நடையிலேயே இருக்க, ஓபோ மட்டும் நாலு நாலாக எண்ணும் நடைக்குத் தாவிப் பதினாறாகப் பொழியும். பலர் இந்த மோதலை அழுத்திக் காட்டுவார்கள். கூசன்ஸ் அதைச் சிரித்துக்கொண்டே கடப்பது போல வாசிக்கிறார். அந்த வேகத்திலும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக உருள்கிறது.

இனி வரம்புகள். மொசார்ட்டுக்கும் ஸ்ட்ராஸுக்கும் அழகாகப் பொருந்தும் அந்தத் துடிப்பு பாக்குக்கும் அப்படியே வருகிறது. யெஹுதி மெனுஹினோடு அவர் பதிவுசெய்த வயலின்–ஓபோ இரட்டைக் கன்செர்ட்டோவைக் கேளுங்கள். மெதுவான பகுதியில் இரண்டு குரல்களும் பின்னிக்கொள்ளும்போது நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் விரைவான பகுதிகளில் பாக் கேட்பது வேறு: நடையின் உறுதி, சொல்லைச் சொல்லாகப் பிரித்து நிறுத்தும் தெளிவு. கூசன்ஸ் அங்கேயும் பாடுகிறார். எல்லாக் கார்வையும் ஒரே மாதிரி நனைந்திருந்தால் எது உணர்ச்சி, எது அலங்காரம் என்று காது பிரித்தறிய முடியாது. பழங்காலக் கருவிகளை மீட்டெடுத்தவர்கள் பின்னாளில் பாக்கை எப்படி வாசித்தார்கள் என்று கேட்ட காதுக்கு இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். காலத்தின் குறை அது என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் பாணிக்கேற்பக் குரலை மாற்றிக்கொள்வது அந்தக் காலத்திலும் முடியாத காரியமல்ல.

இரண்டாவது வரம்பு அவருக்காகப் பிறந்த இசையிலேயே இருக்கிறது. வான் வில்லியம்ஸ் முதல் பகுதிக்கு ‘ரோண்டோ பாஸ்டொராலே’ என்று பெயரிட்டார். பிளிஸ்ஸின் குவின்டெட் அயர்லாந்து ஆட்ட மெட்டொன்றில் முடிகிறது. எல்கரின் துண்டு தனிமை ஏக்கம். எல்லோரும் அவரிடம் எது நன்றாக வரும் என்று பார்த்து அதையே எழுதினார்கள். இதனால் ஆங்கில ஓபோ என்றாலே புல்வெளி, மேய்ச்சல் நிலம், மாலை நேரம் என்ற படிமம் உறைந்துபோயிற்று. பிரிட்டனின் ஃபேன்டஸி ஒன்றுதான் முரண்டு பிடிக்கிறது. மெளனத்திலிருந்து எழுந்து மெளனத்துக்கே திரும்பும் அணிவகுப்பு நடை அதில் உண்டு. துணையே இல்லாத ஓபோவுக்கு அதே பிரிட்டன் 1951இல் எழுதிய ஆறு உருமாற்றங்களை வாசித்து அரங்கேற்றியவர் கூசன்ஸின் மாணவி ஜாய் பௌட்டன். 1969இல் லூச்சியானோ பெரியோ ‘செக்வென்சா VII’ எழுதியது சுவிஸ் கலைஞர் ஹைன்ஸ் ஹொலிகருக்காக. ஒரே ஸ்வரம் பின்னணியில் நின்றுகொண்டே இருக்க, அதைப் பல நிறங்களில் உடைத்துக் காட்டும் படைப்பு அது. ஓபோ இத்தனை முரடாகவும் பேச வல்லது என்பதைக் கூசன்ஸின் பதிவுகளிலிருந்து யாரும் ஊகித்திருக்க முடியாது.

1962இல் ஒரு கார் விபத்தில் அவருடைய பற்களும் உதடுகளும் சிதைந்தன. ஓபோ கலைஞருக்கு உதடு போனால் எல்லாம் போயிற்று, நாணலைக் கவ்விப் பிடிப்பதே அதுதான். அறுபத்தைந்து வயதில் உதட்டுப் பிடியைப் புதிதாக உருவாக்கி, மறுபடி சாதகம் செய்து, சில ஆண்டுகளில் மேடைக்கு வந்தார். எல்கரின் ‘சலிலக்வி’க்கு கோர்டன் ஜேக்கப் இசைக்குழு வடிவம் தந்த பிறகு, எழுபதைத் தாண்டிய கூசன்ஸ், நார்மன் டெல் மார் நடத்திய போர்ன்மத் சின்ஃபோனியெட்டாவுடன் அதைப் பதிவுசெய்தார். ஒலி மெலிந்திருக்கிறது, பழைய வழவழப்பும் இல்லை. ஆனால் துடிப்பைத் தாராளமாகச் செலவிட முடியாத இந்த நிலையில்தான், எந்த ஸ்வரத்துக்கு அது வேண்டும் என்று அவர் தேர்ந்தெடுப்பது தெளிவாகக் கேட்கிறது. பாக் பதிவில் நான் தேடிய சிக்கனம் இங்கே இருக்கிறது. விமர்சகர்கள் இப்பதிவை முதுமையின் நினைவுச் சின்னமாகக் கருதி மரியாதையோடு கடந்துவிடுவது நியாயமில்லை. அவருடைய மிகச் சிறந்த மூன்று பதிவுகளில் ஒன்றாக இதை வைப்பேன்.

1988இல் அவர் காலமானார். அவரைப் புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் மொசார்ட்டில் தொடங்கி, ஸ்ட்ராஸுக்கு வந்து, பிறகு எல்கருக்குப் போங்கள். பாக்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அவருடைய குரல் உங்களுக்குப் பழகியிருக்கும், குறையை நீங்களே எடைபோட முடியும்.