பஸ்ரர் கீற்றன்: இயந்திரங்களை வென்றவரும் ஒரு நிறுவனமும்

ஹொலிவூட்டின் நகைச்சுவை நடிகர் பஸ்ரர் கீற்றனைப் பற்றி வழங்கிவரும் கதை எளிமையானது. ஊமைப்படக் காலத்திலே சார்ளி சாப்ளினுக்கும் ஹரோல்ட் லொயிட்டுக்கும் இணையாக விளங்கிய அவர், பேசும் படம் தோன்றியதும் வீழ்ந்தார் என்பதே அக்கதை. கேட்பதற்கு ஒருவகைச் சோக அழகு பொருந்திய இவ்விளக்கம், தொழில்நுட்ப மாற்றமொன்றின்மீது பழியைச் சுமத்திவிட்டு, மனிதரையும் நிறுவனங்களையும் விசாரணையிலிருந்து விடுவித்துவிடுகின்றது. ஆண்டுகளையும் படங்களையும் வரிசைப்படுத்தி நோக்குமிடத்து, கீற்றனின் வீழ்ச்சிக்கு ஒலி அடிப்படைக் காரணமாகாது என்பது புலனாகும். தமது தொழிலின்மீது தமக்கிருந்த அதிகாரத்தை அவர் இழந்தமையே அவ்வீழ்ச்சியின் வேராகும்.

1895ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி கன்சாஸ் மாநிலத்தின் பிக்குவா என்னும் சிற்றூரிற் பிறந்த கீற்றன், வோடவில் எனப்படும் பல்சுவை அரங்கிலே வளர்ந்தவர். தந்தையும் தாயும் அவ்வரங்கின் கலைஞர்கள். குழந்தைப் பருவத்திலேயே அவர்களோடு சேர்ந்து மேடையேறிய அவரைத் தந்தையார் மேடையெங்கும் தூக்கி எறிவதே ‘மூன்று கீற்றன்கள்’ என்ற அக்குழுவின் முக்கிய நிகழ்ச்சியாக இருந்தது. சிறுவர் பாதுகாப்புச் சங்கத்தினர் இதனை எதிர்த்தமையால், நியூயோர்க்கில் அக்குழு சட்டச் சிக்கல்களையும் எதிர்நோக்கியது. விழுவதும் எழுவதும் கீற்றனுக்கு இவ்வாறு குழந்தைமையிலேயே கைவந்த தொழிலாயின. தாம் சிரித்தால் அவையோர் குறைவாகவே சிரிக்கின்றனர் என்பதையும் அப்பருவத்திலேயே அவர் கண்டுகொண்டார். பின்னாளில் ‘கல்முகம்’ எனப் புகழ்பெற்ற அந்தச் சிரிக்காத முகம், நாள்தோறும் அவையோரைக் கூர்ந்து அவதானித்ததன் விளைவாகும்.

தந்தையின் மதுப்பழக்கத்தாற் குழு சிதைந்ததும், 1917இல் நியூயோர்க் சென்ற கீற்றன், அங்கு றொஸ்கோ ஆர்பக்கிளின் ‘த புச்சர் போய்’ படத்தில் நடித்துத் திரையுலகிற் புகுந்தார். நடிப்பைவிடக் கமராவே அவரைப் பெரிதும் கவர்ந்தது. அதன் உட்பாகங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அறிந்துகொள்வதே அவரது முதல் ஆர்வமாக இருந்தது. 1920இல் தயாரிப்பாளர் ஜோசப் ஸ்கெங்க் அவருக்கெனத் தனியான ஒரு தயாரிப்புக் குழுவை அமைத்துக் கொடுத்தார். அவ்வாண்டு வெளிவந்த ‘வன் வீக்’ என்ற குறும்படம் தொடக்கம், 1928இல் வெளிவந்த ‘ஸ்ரீம்போட் பில் ஜூனியர்’ வரையிலான எட்டாண்டுக் காலமே கீற்றனின் ஆக்கத்திறன் முழுமையாக வெளிப்பட்ட காலம் எனலாம்.

இக்காலத்தில் அவர் கைக்கொண்ட வேலைமுறை கவனத்திற்குரியது. எழுதி முடிக்கப்பட்ட திரைக்கதை எதுவும் அவரிடம் இருப்பதில்லை. ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் கிடைத்துவிட்டால் இடைப்பகுதி தானே வந்துசேரும் என்பது அவரது நம்பிக்கை. கிளைட் பிறக்மன், ஜீன் ஹவெஸ், ஜோ மிச்செல் முதலியோர் கூடியிருந்து நகைச்சுவைத் துணுக்குகளை ஆக்குவர். ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லியும், பொறிமுறை அமைப்புகளுக்குப் பொறுப்பான பிரெட் கபூரியும் அவற்றை நடைமுறைச் சாத்தியமாக்குவர். சிந்தனை தடைப்படுமிடத்து எல்லோரும் பேஸ்போல் ஆடச் செல்வர். உடைப்பதற்கு இருந்த ஒரு பழைய கப்பல் கிடைத்தமையே ‘த நவிகேற்றர்’ (1924) உருவாகக் காரணமாயிற்று. பொருளே முதலில் வருகின்றது. அதிலிருந்து நிகழ்ச்சி பிறக்கின்றது. நிகழ்ச்சியிலிருந்து கதை அமைகின்றது. மேலிருந்து வரும் கட்டளைகளால் இத்தகைய கலையை ஆக்க முடியாது.

இவ்வேலைமுறையே படங்களின் வடிவத்தையும் நிர்ணயித்தது. ‘ஷேர்லொக் ஜூனியர்’ (1924) படத்திலே, உறங்கும் திரையரங்குப் படங்காட்டுநன் ஒருவன் தன் கனவில் திரைக்குள்ளேயே நுழைகின்றான். அவன் நிற்கும் நிலை மாறாதிருக்க, சூழல் மட்டும் தோட்டமாகவும் தெருவாகவும் கடற்பாறையாகவும் மாறுகின்றது. நில அளவைக் கருவிகளைக் கொண்டு தூரங்களை அளந்து எடுக்கப்பட்ட காட்சி இது. ‘ஸ்ரீம்போட் பில் ஜூனியர்’ படத்திலே, வீடொன்றின் முன்சுவர் முழுமையாகக் கீற்றனின்மீது சரிந்து விழுகின்றது. மாடி யன்னலின் இடைவெளி அவர் நிற்கும் இடத்தில் வந்து பொருந்துவதால் அவர் உயிர் தப்புகின்றார். ஆபத்து மெய்யானது என்பதை ஐயத்துக்கிடமின்றி உணர்த்தும் பொருட்டு, இத்தகைய நிகழ்ச்சிகளைத் தூரக் காட்சியாக, இடையில் வெட்டாமற் காட்டுவதை அவர் ஒரு நெறியாகவே கொண்டிருந்தார். உலகம் மிகப் பெரியது, அதற்கு மனிதன்மீது பகையுமில்லை பரிவுமில்லை, அதன் இயக்கத்தைப் புரிந்துகொள்பவன் அதனுள் வாழலாம் என்பதே இக்காட்சிகளிலிருந்து பெறப்படும் வாழ்க்கை நோக்காகும்.

இந்நோக்கின் உச்சத்தையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது ‘த ஜெனரல்’ (1926). அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862இல் வடபகுதியினர் தென்பகுதியின் புகையிரத இயந்திரமொன்றைக் கடத்திச் சென்ற உண்மை நிகழ்ச்சியே இதன் அடிப்படை. கடத்தப்பட்ட இயந்திரத்தைத் தனியொருவனாகத் துரத்திச் செல்லும் சாரதியாகக் கீற்றன் நடித்தார். துரத்திச் சென்ற பாதையிலேயே மீண்டு வரும் கதையமைப்பு கணிதச் செம்மை வாய்ந்தது. ஒறிகன் மாநிலத்தில், எரியும் பாலத்திலிருந்து மெய்யான புகையிரத இயந்திரமொன்றை ஆற்றில் வீழ்த்தி எடுக்கப்பட்ட காட்சி இன்றும் வியப்பூட்டுவது. ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. தென்பகுதியினரைக் கொடியவராகக் காட்டினால் அவையோர் ஏற்கமாட்டார்கள் என்று கருதிய கீற்றன், கதாநாயகனைத் தென்பகுதியானாக்கினார். அப்போரின் மையப் பிரச்சினையாகிய அடிமைமுறை பற்றிப் படம் எதுவுமே கூறவில்லை. ‘செவன் சான்சஸ்’ (1925), ‘கொலிஜ்’ (1927) ஆகிய படங்களிற் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் நகைச்சுவையும் உண்டு. இயந்திரம் எவ்வாறு இயங்குகின்றது என்று நுணுகிக் கேட்ட கலைஞர், அது யாருடையது, யாருக்காக ஓடுகின்றது என்று கேட்டாரல்லர்.

‘த ஜெனரல்’ பெருஞ் செலவில் தயாரிக்கப்பட்டு எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. அக்கால விமர்சகர் பலரும் அதனை வரவேற்கவில்லை. கீற்றனின் சுதந்திரம் எத்துணை உறுதியற்ற அத்திவாரத்தில் நின்றது என்பது இவ்வேளையில் வெளிப்பட்டது. தயாரிப்பு நிறுவனம் அவரது பெயரைத் தாங்கியிருந்ததே தவிர, அவருக்குச் சொந்தமானதாக இருக்கவில்லை. சம்பளமும் இலாபத்தில் ஒரு பங்குமே அவருக்குரியன. உரிமையாளரான ஸ்கெங்க் தலையிடாதிருந்தவரை இவ்வேறுபாடு புலப்படவில்லை. 1928இல் ஸ்கெங்க் அக்குழுவைக் கைவிட்டு, கீற்றனை மெற்றோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்துக்கு அனுப்பினார். அந்நிறுவனத்தின் தாய்க் கொம்பனிக்கு அப்பொழுது தலைவராக இருந்தவர் ஸ்கெங்கின் உடன்பிறந்தாராகிய நிக்கலஸ் ஸ்கெங்க் என்பது குறிப்பிடத்தக்கது. சாப்ளினும் லொயிட்டும் தடுத்தும் கீற்றன் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டார். தமது தொழில் வாழ்வின் மிகப் பெருந் தவறு அதுவே எனப் பிற்காலத்தில் அவர் கருதினார்.

ஒலியே அவரை வீழ்த்தியது என்ற கூற்றினை இவ்விடத்திற் பரிசோதித்தல் வேண்டும். புதிய நிறுவனத்தில் அவர் நடித்த முதற்படமாகிய ‘த கமராமன்’ (1928) ஊமைப்படமே. அதற்குள்ளேயே எழுதப்பட்ட திரைக்கதைக்கும் அவரது வேலைமுறைக்குமிடையே முரண்பாடு தொடங்கிவிட்டது. வெறுமையான விளையாட்டரங்கிலே தனியொருவராக பேஸ்போல் ஆடிக் காட்டும் காட்சி, அம்முரண்பாட்டுக்கு மத்தியிலும் அவர் மீட்டெடுத்த ஒரு துளி. அடுத்து வந்த ‘ஸ்பைற் மரிஜ்’ (1929) படத்தைப் பேசும் படமாக எடுக்க விரும்பியவர் கீற்றனே, மறுத்தது நிறுவனம். பேச்சும் பாட்டும் நிறைந்த பல்சுவை அரங்கிலே வளர்ந்த ஒருவருக்கு ஒலியிடம் அச்சம் இருந்திருக்க நியாயமில்லை.

பின்வந்த பேசும் படங்களில் நிகழ்ந்த மாற்றம் குரல் சார்ந்ததன்று, பாத்திரம் சார்ந்தது. முந்திய படங்களின் கீற்றன், தொடக்கத்தில் தடுமாறினும், தன் அறிவாலும் உடலாலும் இடரை வெல்பவன். ‘பிரீ அன்ட் ஈசி’ (1930) முதலாகப் பல படங்களில் அவர் எல்மர் என்ற பெயருடைய பேதையாக்கப்பட்டார். பிறர் பேச, அவர் அவமதிக்கப்பட்டார். மேற்குறித்த படத்திலே அவர் கயிறுகளால் ஆட்டப்படும் பாவையாகத் தோன்றும் ஒரு பகுதி உண்டு. அவரது நிலைமைக்கு அதைவிடப் பொருத்தமான படிமத்தை எவரும் திட்டமிட்டு ஆக்கியிருக்க முடியாது. பின்னர் ஜிம்மி டுறான்ரே என்ற சொல்லடுக்கு நகைச்சுவையாளரோடு அவர் இணைக்கப்பட்டார். இப்படங்களிற் சில நல்ல வருவாயை ஈட்டின என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். ‘த ஜெனரல்’ நட்டமடையக் கலைத்தரம் குன்றிய படங்கள் இலாபந் தந்தமையால், தான் ஒரு கலைஞனை அழிக்கின்றது என்பதை நிறுவனம் உணர்வதற்கே வழியிருக்கவில்லை.

மதுப்பழக்கமே காரணம் என்று கூறுவாரும் உளர். அதனை முற்றாக மறுக்கவியலாது. 1932இல் மணமுறிவு, மக்களைப் பிரிந்த துயர், கட்டுமீறிய குடி, 1933இல் வேலைநீக்கம் என்பன ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. தந்தையின் குடியால் முதற்குழுவை இழந்தவர் தாமும் அவ்வழியே சென்றார் என்பது துயரமானது. அதில் அவருக்கும் பொறுப்புண்டு. எனினும் குடி மிகுந்த காலமும் அவர் தமது வேலையின்மீதான அதிகாரத்தை இழந்த காலமும் ஒன்றாயிருத்தல் தற்செயலெனக் கொள்ளத்தக்கதன்று.

சாப்ளினோடு ஒப்பிடும்போது உண்மை மேலும் தெளிவாகும். 1919இல் யுனைற்றட் ஆர்ட்டிஸ்ற்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவரான சாப்ளின், தமக்கெனக் கலையகமும் தம் படங்களின் உரிமையும் கொண்டிருந்தார். அதனாலேயே பேசும் படம் ஆட்சி செலுத்திய 1931இல் ‘சிற்றி லைற்ஸ்’ படத்தையும், 1936இல் ‘மொடேர்ன் ரைம்ஸ்’ படத்தையும் உரையாடலைத் தவிர்த்துத் தம் விருப்பப்படி அவரால் ஆக்க முடிந்தது. ஒலியின் வருகை இருவருக்கும் பொதுவானது. உற்பத்திச் சாதனங்களின் உரிமை ஒருவரிடமே இருந்தது. கீற்றனோ, தம்மை நீக்கிய அதே நிறுவனத்திற் பிற்காலத்தில் நகைச்சுவைத் துணுக்கு எழுதும் ஊழியராகப் பணியாற்ற நேர்ந்தது. ‘ஸ்பைற் மரிஜ்’ 1943இலும் ‘த கமராமன்’ 1950இலும் றெட் ஸ்கெல்ரனை நாயகனாக்கி அங்கு மீண்டும் படமாக்கப்பட்டன. அக்கற்பனைகள் சட்டப்படி நிறுவனத்தின் சொத்துக்கள்.

அவரது மறுமலர்ச்சி தாமதித்தே வந்தது. 1949இல் ‘லைஃப்’ சஞ்சிகையில் ஜேம்ஸ் ஏஜீ எழுதிய கட்டுரை அதற்கு வழி திறந்தது. 1952இல் சாப்ளினின் ‘லைம்லைற்’ படத்தில் இருவரும் ஒன்றாகத் தோன்றினர். 1960இல் சிறப்பு ஒஸ்கார் விருது கிடைத்தது. 1965இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அவையோர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். மறு ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி அவர் காலமானார். 1972இல் ‘சைற் அன்ட் சவுண்ட்’ சஞ்சிகை விமர்சகரிடையே நடாத்திய கணிப்பில், ஒருகாலத்தில் நட்டமெனத் தள்ளப்பட்ட ‘த ஜெனரல்’ உலகின் சிறந்த பத்துப் படங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. இப்புகழ் அனைத்தும் 1928க்கு முந்திய எட்டாண்டுகளின் அறுவடை என்பதே கவனிக்கற்பாலது. அதன்பின் அவர் வாழ்ந்த முப்பத்தெட்டு ஆண்டுகளில், அத்தகையதொரு படத்தைத் தம் பொறுப்பில் ஆக்கும் வாய்ப்பை எவரும் அவருக்கு வழங்கவில்லை.

கப்பலையும் புகையிரதத்தையும் சூறாவளியையும் அவற்றின் விதியறிந்து வென்றவர் கீற்றன். ஆனால் ஹொலிவூட் என்ற பொறியின் விதி இயற்பியலைச் சார்ந்ததன்று. அது உடைமையைச் சார்ந்தது. தம் படங்களில் அவர் எழுப்பாதுவிட்ட வினாவுக்கு வாழ்க்கையிலே அவர் விடை கொடுக்க நேர்ந்தது. கலைஞனின் திறமையை மட்டும் ஆராய்ந்து, அத்திறமை எவருடைய கலையகத்தில் எவருடைய அனுமதியோடு இயங்கியது என்பதை ஆராயாது விடும் விமர்சனம், கீற்றனின் வரலாற்றிற் பாதியையே கூறியதாகும்.