ஒருவரும் பன்மையும்: ஆங்கில வழக்கு அகராதியின் ஒரு தீர்ப்பு

ஆங்கிலம் எழுதுவோர் எழுப்பும் இலக்கண ஐயங்களுள் நெடுங்காலமாகத் தீராதிருப்பது, ஒருவரைச் சுட்டுவதற்குப் படர்க்கைப் பன்மைப் பெயராகிய 'தே' வரலாமா என்பதாகும். 'எவ்ரிவன்' என்னும் எழுவாய் ஒருமை வினை கொள்கிறது. அதே தொடரில் அதனைச் சுட்டும் உடைமைப் பெயரோ 'தேர்' எனப் பன்மையில் வருகிறது. எச்.டபிள்யூ. ஃபவ்லர் 1926இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதி இதனை வழுவென்றே கொண்டது. ஆண்பால், பெண்பால் இரண்டையும் சேர்த்தெழுதுதல் சுமை. 'தேர்' எண் மயக்கம். ஆகவே ஆண்பாற் பெயராகிய 'ஹிஸ்' ஒன்றே தக்கது என்பது அவர் முடிபு.

ஃபவ்லர் குருட்டு விதிகளைப் போற்றியவர் அல்லர். தொடரின் இறுதியில் முன்னிடைச்சொல் வரலாகாது என்ற பள்ளிக்கூட விதியைத் தகர்த்தவர் அவர். எனினும் இவ்விடத்தில் எண்ணை எண்ணிப் பார்த்தவர் பாலை எண்ணாது விட்டார். ஒருமைக்குப் பன்மை பொருந்தாது எனின், பால் அறியப்படாத ஒருவருக்கு ஆண்பால் மட்டும் எங்ஙனம் பொருந்தும்? இரண்டும் இயைபின்மையே. 1975இல் ஆன் போடின் தம் கட்டுரையில் இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்.

வரலாறும் ஃபவ்லருக்குத் துணை நிற்கவில்லை. ஒருமைப் பொருளில் 'தே' வழங்குதல் 14ஆம் நூற்றாண்டிலேயே காணப்படுகிறது. ஜேன் ஆஸ்டின் அதனைத் தயக்கமின்றி ஆண்டார். ஆண்பால் இருபாலையும் அடக்கும் என்னும் கோட்பாடு 18ஆம் நூற்றாண்டு இலக்கணிகளால் வலுப்பெற்றது. 1850ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டமொன்று, சட்டங்களில் வரும் ஆண்பாற் சொல் பெண்டிரையும் குறிக்கும் என விதித்தது. ஒருமை பன்மையையும் பன்மை ஒருமையையும் அடக்கும் என்று அதே சட்டம் கூறுவதை ஆண்பாலுக்கு வாதிடுவோர் நினைவிற் கொள்வதில்லை. 'தௌ' வழக்கொழிந்தபின் ஒருவரைச் சுட்டும் 'யூ' இன்றளவும் பன்மை வினையையே கொள்கிறது. அதனை எவரும் எண் மயக்கம் என்பதில்லை.

1996இல் ஆர்.டபிள்யூ. பர்ச்ஃபீல்டு திருத்திய மூன்றாம் பதிப்பு இவ்வழக்கு வேரூன்றியதை ஒப்புக்கொண்டது. முடிபு சரியே, ஆயின் பலரும் வழங்குகின்றனர் என்பது மட்டும் இலக்கணக் காரணம் ஆகாது. இங்கே தமிழ் இலக்கண மரபின் 'வழுவமைதி' என்னும் கருத்து நினைக்கத்தக்கது. வழு, வழாநிலை என்னும் இரண்டோடு நில்லாமல், காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படும் மூன்றாம் நிலையை அது தருகிறது. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கில் உயர்சொல்லேயன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பிரித்துரைக்கிறது. 'ஒருவர்' என்னும் சொல்லையோ பெயரியல் வேறாக நோக்குகிறது: அது இருபாற்கும் உரியது, பன்மை முடிபு கொள்வது. முன்னதற்குக் காரணம் மதிப்பு. பின்னதற்குக் காரணம் பால் தோன்றாமை. ஆங்கிலத் 'தே' இரண்டாம் வகையைச் சார்ந்தது. இவ்வேறுபாட்டைக் கண்டிருப்பின் ஃபவ்லரின் மறுப்பும் பர்ச்ஃபீல்டின் இசைவும் வேறுவகையில் அமைந்திருக்கும்.

மொழிபெயர்ப்பாளனுக்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 'ஒவ்வொருவரும் தம் நூலைக் கொண்டுவர வேண்டும்' என்பதில் இடரில்லை. 'தம்' ஆங்கிலத்தின் 'தேர்' செய்யும் பணியை இயல்பாகச் செய்கிறது. 'தங்கள்' என எழுதின் நூல் பொதுவுடைமை எனப் பொருள்படவும் கூடும். இடர் பிறப்பது வேறிடத்தில். துப்பறியும் கதையொன்றில், கொலையாளியின் பாலை மறைக்கவே ஆசிரியர் 'தே' என எழுதுகிறார். தமிழில் 'அவன்' என்றால் மறைபொருள் வெளிப்படும். 'அவர்' என்றால் கொலையாளிக்கு மதிப்பு ஏறும். 'அவர்கள்' என்றால் குற்றவாளி பலராவர். 'கொன்ற ஆள்' எனப் பெயரையே திரும்பத் திரும்ப ஆளுதல் ஓரளவு உதவும். ஆயின் வினைமுற்று பாலைக் காட்டிவிடும். பெயரெச்சத்தாலும் தொழிற்பெயராலும் தொடரை மாற்றியமைத்தே இதனைக் கடக்க இயலும்: 'கத்தியை விட்டுச் சென்றார்' என்பதை விடுத்து, 'கொலைக்குப் பின் விட்டுச் செல்லப்பட்ட கத்தி' என்பது போல.

2019இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் ஏழாம் பதிப்பு நடைக் கையேடு ஒருமைத் 'தே'யை ஏற்றது. ஆண், பெண் என்னும் பகுப்பிற்குள் தம்மை அடக்காதோர் தமக்கெனத் தேர்ந்துகொள்ளும் பெயராகவும் அதனை மதிக்கச் சொல்கிறது. அத்தகையோர் கதையில் பத்து வயதுக் குழந்தையாக வரும்போது, தாய் வாய்மொழியில் 'அவர்' என்பது தமிழ்க் காதுக்குக் கேலியாகவே ஒலிக்கும். 'பிள்ளை வந்தது' என்னும் பேச்சுவழக்கின் அஃறிணை முடிபு அன்பைத் தருவது, பாலையும் காட்டாதது. வளர்ந்த ஒருவருக்கு அதனை நீட்டின் இழிவாகும்.