வாடையும் வேலையும்

நம் ஊரில் பனி கொட்டுவதில்லை. கடுங்குளிரில் வேலைக்குப் போகிறவனைப் பற்றித் தமிழில் என்ன இருக்கப்போகிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். நெடுநல்வாடையைப் படித்துப் பாருங்கள் என்றேன்.

பத்துப்பாட்டில் ஒன்று அது. நக்கீரர் பாடியது, 188 அடிகள். மழையும் வாடையும் சேர்ந்து அடிக்கின்றன. இடையர்கள் வெள்ளத்துக்கு அஞ்சி மாடுகளை வேறு நிலத்துக்கு ஓட்டிப்போகிறார்கள். கூடி நின்று தீயில் கையைக் காய்ச்சிக்கொண்டும் நடுங்குகிறார்கள். மாடுகள் மேய்ச்சலை மறந்துவிடுகின்றன. மாடு மறக்கலாம், இடையன் மாட்டை மறக்க முடியுமா? குளிர் என்ற வார்த்தை சொல்லாததை அந்தக் கைகள் சொல்லிவிடுகின்றன. கடைசியில் அரசன் வருகிறான். நள்ளிரவில், தூறலில், பாசறையில் புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். அவனுக்கும் அது வேலைதான்.

வேலில் கட்டிய வேப்பந்தழையை வைத்துக்கொண்டு இப்பாட்டு அகமா, புறமா என்று பண்டிதர்கள் வாதிடுவார்கள். என் குறை வேறு. அரசியின் கட்டிலைச் செய்த விதத்தை அத்தனை விரிவாகச் சொல்கிற கவி, இடையர்களை ஆரம்பத்திலேயே விட்டுவிடுகிறார். அவர்கள் அந்த இரவை எப்படிக் கழித்தார்கள்? மறுநாள் பால் கறந்ததா?

2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியபோது இந்தக் கேள்விதான் எனக்கு நினைவு வந்தது. அரசாங்கம் விடுமுறை விட்டது. தனியார் கம்பெனிகள் ஊழியரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லலாம் என்று யோசனையும் சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் மெஷினுக்கு முன்னால் நிற்கிறவன் வீட்டிலிருந்து எதைக் கடைவான்? மின்சார ரயில் ஓடவில்லை. பேட்டைக்குள் வெள்ளம் புகுந்து இயந்திரங்கள் நனைந்தன. ஆவடியிலிருந்து வந்து பட்டரவாக்கத்தில் இறங்கி நடக்கிறவன் அன்றாடக் கூலிக்காரனாக இருந்தால், விடுமுறை என்பது அவனுக்குக் கூலியில்லாத நாள். தண்ணீர் வடிகிற வரையில் அதே நாள்தான் திரும்பத் திரும்ப விடியும்.

நான் படித்த மழைக்கதைகளில் பலவற்றில் இவன் இல்லை. மழை காதலுக்காகப் பெய்கிறது. அல்லது ஒரு கிழவர் சாவதற்காகப் பெய்கிறது. அதன் உண்மையான கனம் ஒருவனுடைய ஒருநாள் பிழைப்பின்மீது விழுவதை நாம் எழுதுவதில்லை.

பிறரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நானும் ஒரு நாவலில், கதாநாயகனையும் கதாநாயகியையும் ஒரே தாழ்வாரத்தில் ஒதுங்க வைப்பதற்காக அடைமழை பெய்வித்தவன்தான். அந்த நேரத்தில் சாப்பாட்டு டப்பாவைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி ஒருவன் தெருவோடு போயிருப்பான். நான் அவனைப் பார்க்கவில்லை. நக்கீரர் பார்த்தார், கொஞ்ச நேரமாவது பார்த்தார்.