தலைவாஸ் யாரைத் தேடுகிறது?

புரோ கபடியில் ஆடும் தமிழ் தலைவாஸ் அணியில் தமிழர்கள் ஏன் இத்தனை குறைவு என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. இது ஏலம், ஊர் பார்த்து எடுக்க முடியாது, அணிக்கு என்ன தேவையோ அதைத்தான் எடுக்கிறார்கள் என்பார்கள். 2025 அக்டோபரில் 'பைசன்' படம் வந்தது. அதன் கதைக்கு அடிப்படையான கபடி வீரர் மணத்தி கணேசன் யார் என்று கல்லூரிப் பிள்ளைகள் விசாரித்தார்கள். அதே மாதம் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் கபடியில் தங்கம் வென்று திரும்பினார்கள். கேள்வி மறுபடி எழுந்தது, அதே பதிலும் வந்தது. அந்தப் பதில் தவறு என்பது என் நெடுநாள் கருத்து. ஊர்ப் பாசத்தால் சொல்லவில்லை. தேவை பார்த்து எடுக்கிறோம் என்கிறவர்கள் தேவையையே சரியாகப் பார்த்ததில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தமிழருக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கீடு கேட்பது தொழில்முறை அணிக்குப் பொருந்தாது. இமாசலத்துக்காரரான அஜய் தாக்கூரை நம்மவர் என்றுதான் 2017இல் கொண்டாடினோம். 2014இல் புரோ கபடி வந்திருக்காவிட்டால், கபடி விளையாடுகிறவனுக்கு ரயில்வேயிலோ வங்கியிலோ ஒரு வேலை, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றே இருந்திருக்கும். ஏலமும் எல்லார் கண் முன்னாலும் நடக்கிறது. இவற்றில் எனக்கு மறுப்பில்லை.

இனி தலைவாஸின் கணக்கு. 2017, 2018 இரண்டு தொடரிலும் தன் பிரிவில் கடைசி. 2019இல் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. அடுத்த தொடரில் பதினொன்றாவது. 2022இல் மட்டும் அரையிறுதி. 2023இல் ஒன்பது, 2024இல் மறுபடி ஒன்பது. தேவை பார்த்து எடுத்த அணியின் வரலாறு இது.

அந்த ஒரே நல்ல ஆண்டை விரித்துப் பார்த்தால் என் வாதம் விளங்கும். 2022 ஏலத்தில் ஓர் அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகை 4.40 கோடி ரூபாய். அதில் 2.26 கோடியைத் தலைவாஸ் ஒரே ஆளுக்குக் கொடுத்தது. அவர் ரெய்டர் பவன் செராவத். அன்றைக்கு அதுதான் லீக் வரலாற்றிலேயே அதிக விலை. பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் அணி கட்ட வேண்டிய பணத்தில் பாதிக்கு மேல் ஒருவரிடம் போனது. தொடர் தொடங்கியது பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கில். எங்கள் ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர், அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம். எங்கள் பகுதியில் பாதிப் பேர் பெங்களூரு புல்ஸ் கட்சி, பாதிப் பேர் தலைவாஸ் கட்சி. இரு கட்சியும் பவன் ஆட்டத்தைப் பார்க்கக் காத்திருந்தது. அக்டோபர் 8, குஜராத்துடன் முதல் ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே முழங்காலில் அடிபட்டு வெளியே போன பவன் அந்தத் தொடரில் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் தலைவாஸ் நிர்வாகம் பாடமாகப் படித்திருக்க வேண்டும். புது இளம் ஆட்டக்காரர் என்ற வகையில், ஏலத்துக்கு வெளியே நேரடியாகச் சேர்க்கப்பட்ட நரேந்தர் கண்டோலா என்ற பையன் பவன் இடத்தில் நின்றான். முதல் தொடரிலேயே 243 ரெய்டு புள்ளிகள். அறிமுகத் தொடரில் அதற்கு முன் யாரும் அத்தனை எடுத்ததில்லை. பின்னால் சாகர், சாகில், தமிழ்நாட்டு எம். அபிஷேக், மோஹித் என்று இளவயதுத் தடுப்பாட்டம். பாதியில் பயிற்சியாளராக வந்த அஷன் குமார் இவர்களை வைத்தே அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அதில் புனேரி பல்தானிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றார்கள். விலை கொடுத்து வாங்கிய தேவை முதல் நாளே போய்விட்டது. அணியைத் தூக்கி நிறுத்தியது விலையில்லாமல் தேடி எடுத்த திறமை.

பாடம் படிக்கப்பட்டதா? 2024 ஏலத்தில் 5 கோடியில் 2.15 கோடி சச்சின் தன்வாருக்குப் போனது. அணி ஒன்பதாவது இடம். 2025இல் 1.405 கோடிக்கு அர்ஜுன் தேஷ்வால், கூடவே 59.5 லட்சத்துக்கு மறுபடியும் பவன். தொடர் தொடங்கிய சில வாரங்களிலேயே ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லிப் பவனை அணி அனுப்பிவிட்டது. அவர் அதை மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்பது இங்கே என் கேள்வியில்லை. மூன்று ஆண்டு இடைவெளியில் அதே பெயரிடம் திரும்பிப் போகும் அணியிடம் வேறு பெயர்களின் பட்டியலே இல்லை என்பதுதான் எனக்குத் தெரிகிறது.

விதிகளிலும் பழுது உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை ஏழு சுற்றுகளில் வரிசைப்படி எடுக்கின்றன. முந்தின ஆண்டு கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. எடுத்த பையனை நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில், கட்டுப்படியாகும் சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம். அதனால் ஒவ்வோர் அணியும் கல்லூரி மைதானங்களில் ஆண்டு முழுக்க ஆள் உட்கார்த்தி வைக்கிறது. அப்படியும் தவறுகிறார்கள். 2000ஆம் ஆண்டு டாம் பிரேடியை 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள், அவரோ ஏழு முறை கோப்பை வென்றார். கண்ணைத் திறந்து வைத்திருப்பவனுக்கே இந்தக் கதி. ஏல முறையில் கண்ணைத் திறக்க வேண்டிய கட்டாயமே குறைவு. ஒருவனை வளர்த்துவிட்டால் பிறகு அவன் விலை ஏறி வேறு அணிக்குப் போவான். அதனால் வளர்ந்தவனை வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறது. நம் டி.என்.பி.எல். கிரிக்கெட்டும் 2016இல் வரிசைத் தேர்வோடுதான் தொடங்கியது, 2023இல் ஏலத்துக்கு மாறியது. வரிசைத் தேர்வு நடந்த அந்த முதல் ஆண்டில் திண்டுக்கல் அணிக்கு ஆடிய சின்னப்பம்பட்டி நடராஜனை அடுத்த ஆண்டே ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. மாவட்டப் பையனுக்கு ஒரு மேடை போட்டுக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது நம் சேலம் மாவட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

கபடியில் கல்லூரிப் பையனுக்கு இருக்கும் வாசல் எப்படிப்பட்டது? கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியில் இறுதிக்கு வரும் இரண்டு அணிகளின் ஆட்டக்காரர்களை ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். நல்ல ஏற்பாடு என்று பாராட்டினார்கள். கிருஷ்ணகிரி அரசு ஆடவர் கலைக் கல்லூரியில் படிக்கும் ஒரு பையனை வைத்து இதை யோசித்துப் பாருங்கள். அவன் கல்லூரி அணியில் இடம் பிடிக்க வேண்டும். பிறகு சேலம் பெரியார் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாக வேண்டும். அந்த அணி தென்மண்டலத்தில் முன்னேற வேண்டும், அகில இந்திய அளவில் முதல் வரிசைக்கு வர வேண்டும், கேலோ இந்தியாவில் இறுதி வரை போக வேண்டும். அவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் கூட ஆடும் ஆறு பேர் சறுக்கினால் பட்டியலில் பெயர் இல்லை. ஓர் ஆளின் திறமையை அவன் பல்கலைக்கழகத்தின் தரவரிசையை வைத்து அளப்பது எந்த வகையில் மதிப்பீடு?

ஆக, மிஞ்சுவது அணிகள் தாமே தேடிப் போவது மட்டும்தான். புது இளம் ஆட்டக்காரர் என்ற வகை அதற்காகவே இருக்கிறது. 2018இல் டபாங் டெல்லி அப்படிச் சேர்த்த நவீன் குமார், அந்த அணி முதல் முறை கோப்பை வென்றபோது அதன் முதுகெலும்பாக இருந்தார். புனேரி பல்தான் அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் என்று இளைஞர்களை எடுத்து, பொறுத்து, வளர்த்தது. அஸ்லம் மகாராஷ்டிரப் பையன். 2024 மார்ச்சில் அவர் தலைமையில் கோப்பை வந்தது. அவர்களும் 2.35 கோடிக்கு ஈரானின் ஷாட்லூவை வாங்கினார்களே என்று கேட்கலாம். வாங்கினார்கள்தான். ஆனால் முதலில் வீட்டைக் கட்டினார்கள், பிறகுதான் கதவுக்கு விலை பேசினார்கள்.

இங்கே என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தை பிறந்தால் ஓசூரைச் சுற்றி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, பாகலூர்ப் பக்கமெல்லாம் இரவுக் கபடிதான். மண்ணை நனைத்து, சலித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, நான்கு மூலையிலும் விளக்கு கட்டி, விடிய விடிய ஆட்டம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கூச்சல். கெலமங்கலம் பக்கம் அப்படி ஓர் ஆட்டத்தில், சிப்காட்டில் ஷிப்ட் முடித்துக் கம்பெனிச் சட்டையோடு வந்து இறங்கிய ஒரு பையன் இடது கார்னரில் நின்றான். எதிரணி ரெய்டர் இரண்டு முறை வந்து போனஸ் எடுத்துப் போனான். இவன் அசையவில்லை. பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள். மூன்றாவது முறை, ரெய்டரின் முன்கால் போனஸ் கோட்டைத் தாண்டிப் பின்கால் மண்ணைவிட்டு எழும்பிய அந்த நொடியில் இவன் விழுந்து கணுக்காலைப் பிடித்தான். கவர் ஆள் மேலே வந்து மூடினான். முடிந்தது. முதல் இரண்டு தடவை அவன் சும்மா நிற்கவில்லை, கால் எழும்பும் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தான்.

இதை எந்தப் புள்ளிப் பட்டியல் காட்டும்? பிடித்தது ஒரு புள்ளி என்று மட்டும் எழுதும். பொறுத்தது எழுதப்படாது. இளம் ஆட்டக்காரனை மதிப்பிடுகிறவர் பார்க்க வேண்டியதோ அந்தப் பொறுமையைத்தான். ஏற்கெனவே லீக்கில் ஆடிக் காட்டியவரின் புள்ளிக்கு விலை சொல்ல நிபுணர் வேண்டியதில்லை, பணம் இருந்தால் போதும். நிபுணர் தேவைப்படுவது கெலமங்கலத்து மண்ணில்.

மண்ணில் ஆடுகிறவன் மேட் எனும் செயற்கை விரிப்பில் ஆடுவானா என்ற கேள்வி நியாயமானது. மேட்டில் பிடி வழுக்கும், திரும்பும் வேகம் வேறு, ஷூ போட்ட கால் வேறு. எங்கள் மாவட்டக் கல்லூரிகள் பலவற்றில் மேட்டே கிடையாது. ஆனால் இது பையனின் குறையா? மூத்த கபடி வீரர் சேரலாதனும் மண்ணில் வளர்ந்தவர்தான். தஞ்சை மண்ணிலிருந்து போய், நாற்பது வயதைத் தாண்டி 2016இல் பாட்னாவின் தலைவராகக் கோப்பையைத் தூக்கினார். ஆறு மாதப் பயிற்சியில் சரிசெய்யக்கூடிய ஒன்றைக் காரணம் காட்டி, கற்றுக்கொடுக்கவே முடியாத ஆட்ட அறிவு உள்ளவனை ஒதுக்குவது மதிப்பீடு ஆகாது. அது சோம்பல். கடுமையான வார்த்தை என்று தெரிந்தே எழுதுகிறேன்.

கையில் இருந்தவரையே தலைவாஸ் விட்டதும் உண்டு. முதல் தொடரில் அஜய் தாக்கூருக்குத் துணையாக நின்று புள்ளி சேர்த்தவர் தமிழ்நாட்டு ரெய்டர் கே. பிரபஞ்சன். மறு ஆண்டு அவர் குஜராத்துக்குப் போனார். 2019இல் பெங்கால் வாரியர்ஸ் கோப்பை வென்ற அணியில் அவர் இருந்தார். அந்த ஆண்டு தலைவாஸ் கடைசி இடத்தில் இருந்தது. பிறகு 2021இல் அவரைத் திரும்ப வாங்கினார்கள். கையில் இருந்தபோது தெரியாத மதிப்பு, வேறு அணி கோப்பை வென்ற பிறகு தெரிந்தது.

இதைச் சொன்னால், எந்த மாநில ஆளாக இருந்தால் என்ன, ஜெயித்தால் போதும் என்கிறார்கள். எனக்கும் ஜெயித்தால் போதும். கண்டோலா ஹரியாணாக்காரர் என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வடக்கே ஓர் ஊரில் அப்படி ஒருவரைக் கண்டெடுக்கத் தெரிந்த அணிக்கு, தன் பெயரிலேயே இருக்கும் நிலத்தில் தேடத் தோன்றவில்லையே என்பதுதான் வருத்தம். ஹரியாணாப் பையனை மற்றப் பதினோரு அணிகளின் ஆட்கள் பார்க்கிறார்கள், அவனுக்குப் போட்டி அதிகம். ஊத்தங்கரைப் பையனை யாரும் பார்ப்பதில்லை. போட்டியில்லாத இடத்தில் முதலில் போய் நிற்பது எந்த அணிக்கும் லாபம். பாசத்தை விடுங்கள், வெறும் வியாபாரமாகப் பார்த்தாலும் இதுதான் சரி.

தலைவாஸ் நிர்வாகத்திடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தை முதல் சித்திரை வரை ஒரு பயிற்சியாளர், ஒரு கேமராக்காரர், ஒரு வண்டி. கிருஷ்ணகிரியில் தொடங்கி வடுவூர், மணத்தி வரை இரவுப் போட்டிகளையும் கல்லூரி மைதானங்களையும் பாருங்கள். மாவட்டத்துக்கு இரண்டு பேரை அழைத்து ஆறு மாதம் மேட்டில் ஆடவிடுங்கள். தேடிப் போகும் செலவு, 'டி' பிரிவு ஆட்டக்காரர் ஒருவரின் அடிப்படை விலையான 9 லட்சத்தைத் தாண்டாது என்பது என் கணிப்பு. அப்படித் தேடிப் பார்த்தும் தேறவில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். தேடாமலே தேவை பார்த்து எடுத்தோம் என்று சொல்வதை மட்டும் இனி ஏற்க முடியாது.