புரூகல் ஓவியத்தில் சாப்பாட்டைத் தேடுங்கள்

பீட்டர் புரூகல் 1559-இல் வரைந்த ‘கார்னிவலுக்கும் தவக்காலத்துக்கும் சண்டை’ இப்போது வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்தரை அடி அகலமுள்ள மரப்பலகை. அதில் ஓர் ஊரின் சதுக்கமும், கிட்டத்தட்ட 200 பேர் கூட்டமும். எங்கே தொடங்குவது என்று திகைக்க வேண்டாம். சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

அன்றைய கத்தோலிக்க ஐரோப்பாவில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான தவக்காலம் முடியும்வரை இறைச்சி கூடாது. பல இடங்களில் முட்டை, வெண்ணெய்கூட விலக்கு. வீட்டிலிருக்கும் கொழுப்பையும் முட்டையையும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால்தான் அதற்கு முந்தைய கார்னிவல் கொண்டாட்ட நாட்களில் அப்பமும் வாஃபிளும் கறியும் ஊரெங்கும் மணத்தன. நம் கத்தோலிக்கர் ஒருசந்தி (ஒருவேளை உணவு), சுத்தபோசனம் (இறைச்சி தவிர்த்தல்) என்று காப்பதும் இதே மரபின் தொடர்ச்சிதான்.

படத்தின் அடிப்பகுதியில், பீப்பாய்மேல் குதிரையேறியதுபோல் உட்கார்ந்திருக்கும் தடியன்தான் கார்னிவல். தலையில் தொப்பிக்குப் பதில் கறி வைத்துச் சுட்ட ‘பை’ (pie). கையில் ஈட்டியாகக் கறி வாட்டும் கம்பி. அதில் பன்றித்தலையும் கோழியும் குத்தப்பட்டிருக்கின்றன. எதிரே எலும்பும் தோலுமாய்த் தவக்காலம், தலையில் தேன்கூட்டுக் கூடையோடு. ஒரு துறவியும் கன்னியாஸ்திரியும் இழுக்கும் சக்கரப் பலகையில் அமர்ந்து, ரொட்டி அடுப்பின் நீளத் துடுப்பை நீட்டுகிறது. அதன்மேல் இரண்டே இரண்டு ஹெர்ரிங் மீன். இந்த இரு ஆயுதங்களையும் மாறி மாறிப் பாருங்கள். விருந்துக்கால அடுப்பங்கரையும் விரதக்கால அடுப்பங்கரையும் அங்கேயே தெரிந்துவிடும்.

இடப்பக்கம் மதுக்கடை. தரையில் முட்டை ஓடு, சீட்டு. தீ மூட்டி வாஃபிள் சுடும் பெண். சூதாடும் ஒருவன் தலையிலேயே வாஃபிளைக் கட்டியிருக்கிறான்! வலப்பக்கம் தேவாலயம், மீன், ஏழைகளுக்குப் பிச்சை. மரங்களையும் கவனியுங்கள். கார்னிவல் பக்கம் மொட்டை. தவக்காலத்தின் பக்கம் துளிர்.

என் கண் எப்போதும் போய் நிற்பது நடுவில்தான். முதுகு காட்டி நடக்கும் ஒரு ஜோடியைக் கோமாளி ஒருவன் பட்டப்பகலில் தீவட்டி பிடித்து அழைத்துப் போகிறான். எங்கே என்று தெரியாது. சண்டையில் யார் ஜெயித்தார் என்றும் புரூகல் சொல்லவில்லை. குடிப்பவனையும் கும்பிடுகிறவனையும் ஒரே அக்கறையோடு வரைந்திருக்கிறார். இந்த ஓவியத்தின் மேன்மை அதுதான் என்பேன்.

வியன்னா போக முடியாதவர்களுக்கு இதன் துல்லியமான படம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கைப்பேசியில் பார்க்காதீர்கள். பெரிய திரையில், ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்கிப் பாருங்கள்.