பாக்கி: ஜெனீவா ஆவணங்களை வாசிப்பது குறித்துச் சில குறிப்புகள்

'பிரதி' என்ற சொல் நம் சிறுபத்திரிகைகளில் புழங்க ஆரம்பித்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. நாவலைப் பிரதி என்றோம், சினிமா போஸ்டரைப் பிரதி என்றோம். பாடப்புத்தகத்தையும் கோயில் கல்வெட்டையும் வாசித்துக் கட்டுடைத்துக் காட்டினோம். ஆனால் ஓர் அரசு தன் குடிமக்களைப் பற்றித் தானே எழுதி, வெளியார் முன் கொண்டுபோய் வைக்கிற அறிக்கைகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஜெனீவாவில் எழுதப்படும் பதில்கள் இருக்கின்றன. அதிகாரத்தின் சொல்லாடல் இவ்வளவு பச்சையாகப் பதிவாகிற இடம் வேறு இல்லை. இவற்றை மட்டும் நாம் பிரதியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சாரார் 'ஏகாதிபத்திய முகமூடி, என்.ஜி.ஓ. சமாச்சாரம்' என்று ஒதுக்கினார்கள். இன்னொரு சாரார் ஐ.நா. சொல்லிவிட்டது என்று துண்டுப்பிரசுரத்தில் மேற்கோள் போட்டார்கள். இரண்டுமே படிக்காமல் தப்பிக்கிற வழிகள்தான்.

தமிழில் ஜெனீவா என்றால் ஈழம். அது இயல்பு. 2009 மே மாதம் மனித உரிமைக் கவுன்சிலின் சிறப்பு அமர்வில் 29 நாடுகள் ஆதரித்து, 12 எதிர்த்து, 6 ஒதுங்கி நின்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. பிணங்கள் ஆறுவதற்கு முன்பே போர் முடிந்ததை வரவேற்ற தீர்மானம் அது. இந்தியா ஆதரித்தது. 2012இல் ஐ.நா. தன் தோல்வி பற்றித் தானே எழுதிய உள்ளக மீளாய்வு அறிக்கை கறுப்பு மை பூசிய பகுதிகளோடு வெளியே வந்தது. இந்த அனுபவத்தில் நமக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது. மார்ச் மாதம் வந்தால் யார் கை தூக்கினார்கள், யார் தூக்கவில்லை என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிப் பார்ப்போம். வாக்கெடுப்பு முடிந்ததும் ஜெனீவா மறந்துபோகும். வருஷம் பூரா அங்கே உற்பத்தியாகிற சாதாரண ஆவணங்கள், கடன், கூலி, சாதி, உடம்பு பற்றியவை, கண்ணில் படுவதே இல்லை. நான் பேச விரும்புவது இந்தச் சாதாரண ஆவணங்களைப் பற்றி. காரணம் நான் இருக்கிற ஊர்.

பள்ளிபாளையம் காவிரியின் இக்கரையில் இருக்கிறது, ஈரோடு அக்கரையில். தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். இங்கே தறி ஓட்டுகிறவர் பட்டறையில் சேரும்போது முதலாளியிடம் ஒரு தொகை வாங்குகிறார். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, பழைய கந்துவட்டி எதுவானாலும் அதுதான் வழி. கூலி மீட்டர் கணக்கு. வாங்கிய தொகைக்குச் சிலர் 'அட்வான்ஸ்' என்பார்கள், பலர் 'பாக்கி' என்பார்கள். ஒரு அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பாக்கிய அடைச்சாத்தானுங்க வேற பட்டறைக்குப் போக முடியும். புது ஓனரு குடுத்து அடைப்பாருங்க. அப்பறம் அவருக்குப் பாக்கி. அதென்ன கொத்தடிமைங்கறீங்க? நாங்க கூலி வாங்கறமுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. தன்னைக் கொத்தடிமை என்று சொல்ல மறுக்கிற சுயமரியாதையும், பட்டறை முதலாளியின் வாதமும், கலெக்டர் அலுவலக அறிக்கையும் ஒரே சொற்களில் பேசுகின்றன. 'கூலி உண்டு, ஆகவே கொத்தடிமை இல்லை.' ஆனால் பிரதி என்ன சொல்கிறது?

1956இல் ஐ.நா.வில் நிறைவேறிய அடிமைமுறை ஒழிப்புத் துணை உடன்படிக்கை 'கடன் அடிமைத்தனம்' என்பதை வரையறுக்கிறது. கடனுக்குப் பிணையாக ஒருவர் தன் உழைப்பையோ தன் கட்டுப்பாட்டில் உள்ளவரின் உழைப்பையோ கொடுக்கிறார். அந்த உழைப்பின் நியாயமான மதிப்பு கடனில் கழியவில்லை, அல்லது உழைப்பின் காலமும் தன்மையும் வரையறுக்கப்படவில்லை. அப்படியானால் அது கடன் அடிமைத்தனம். சங்கிலி வேண்டாம், சவுக்கு வேண்டாம், கூலி இல்லாமல் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இந்தியா இதை 1960இல் ஏற்றுக்கொண்டது. அவசரநிலைக் காலத்தில் வந்த 1976 கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டத்தின் வரையறைப் பகுதியைத் திறந்தால் முதலில் வரையறுக்கப்படுகிற சொல் எது? 'அட்வான்ஸ்'. பட்டறைகளில் ரொம்ப சாதுவாகப் புழங்குகிற அதே சொல். அட்வான்ஸுக்காக ஒருவர் நான்கு வகை இழப்புகளில் ஏதாவது ஒன்றுக்கு ஆளானாலும் அது கொத்தடிமை முறை என்கிறது சட்டம். கூலியின்றி அல்லது பெயரளவுக் கூலிக்கு உழைப்பது ஒன்று, வேறு இடத்தில் வேலை செய்யும் சுதந்திரத்தை இழப்பது இன்னொன்று. இடையில் நிற்பது 'அல்லது'. 'மற்றும்' அல்ல. அந்த அம்மாவின் வாழ்க்கை முழுக்க இந்த 'அல்லது'வுக்குள் இருக்கிறது. 15ஆம் பிரிவு இன்னும் கறாரானது: இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்.

வரையறை இவ்வளவு தெளிவாக இருந்தும் ஆட்கள் எப்படிக் காணாமல் போகிறார்கள்? உச்ச நீதிமன்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாக 1995இல் தமிழ்நாட்டில் அமைந்த ஆணையம், 23 மாவட்டங்களில் 20 தொழில்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாகச் சொன்னது. அடுத்து மாநில அரசே நடத்திய கணக்கெடுப்பில் கிடைத்தவர்கள் சுமார் 25 ஆயிரம். நாடு முழுக்க 1978 முதல் இந்த நூற்றாண்டின் இருபதுகள் வரை மீட்கப்பட்டவர்கள் என்று மத்திய அரசு சொல்லும் மொத்தத் தொகையே 3 லட்சத்துக்குச் சற்று மேல்தான். இரண்டு தரப்பும் எண்ணியது ஒரே ஜனங்களை அல்ல, இரண்டு வேறு சொற்களை என்றே இதை வாசிக்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிபுணர் குழு வருகிறது. கட்டாய உழைப்பு பற்றிய 1930ஆம் ஆண்டின் 29ஆம் உடன்படிக்கையை இந்தியா 1954இல் ஏற்றது. அதிலிருந்து அரசு அறிக்கை அனுப்ப வேண்டும், குழு பதில் எழுத வேண்டும். இந்தப் பதில்களுக்கு ஒரு இலக்கணம் உண்டு. 'குறித்துக்கொள்கிறது' என்றால் உன் சொல்லைக் கேட்டேன், அவ்வளவுதான். 'நம்புகிறது' என்றால் இன்னும் செய்யவில்லை என்பது தெரியும். 'கவலையுடன்' என்று ஒரு அடைமொழி சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. 'வருந்துகிறது' வந்தால் அரசு பதிலே தரவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். 'வலியுறுத்துகிறது' அந்த மொழியில் கிட்டத்தட்டச் சத்தம் போடுவது. ஒரே நாட்டைப் பற்றிய பத்து வருஷத்துப் பதில்களை வரிசையாக வைத்து வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். ஒரு அரசின் மௌனம் எப்படி வளர்கிறது என்பது தெரியும். அகப்பாட்டில் கருப்பொருளை வைத்துத் திணை சொல்லப் பழகிய நம் தமிழ் எம்.ஏ.க்களுக்கு இது பெரிய வித்தை அல்ல.

ஐ.நா. ஆவணங்களின் தலையில் இருக்கும் குறியீடும் அப்படித்தான். புறநானூற்றுப் பாட்டின் கீழே திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று இருக்குமே, அதுபோல. 'ஈ/சிஎன்.4' என்றால் 2006 வரை இருந்த பழைய மனித உரிமை ஆணையம். 'ஏ/எச்ஆர்சி' என்றால் அதன் பிறகு வந்த கவுன்சில். 'சிசிபிஆர்' குடிமை, அரசியல் உரிமைக் குழு. பின்னொட்டில் 'எல்' இருந்தால் வரைவு, 'ரெவ்' திருத்தியது, 'எஸ்ஆர்' விவாதச் சுருக்கம். வரைவையும் இறுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தச் சொல் அடிபட்டது என்று தெரிந்துவிடும். உ.வே.சா. சுவடிகளில் செய்த பாடபேத ஒப்பீடுதான் இதுவும். காகிதத்தில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குச் சென்னை கன்னிமாரா நூலகம் ஐ.நா. வைப்பு நூலகமாக இருக்கிறது. கணினியில் எல்லாமே இலவசம்.

தேதிகளையும் வாசிக்க வேண்டும். குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தது. 1997இல் அதன் குழு முன் இந்தியா விசாரிக்கப்பட்டது. அடுத்த அறிக்கை 2001இல் வந்திருக்க வேண்டும், 2021இல்தான் வந்தது. அதன் மீதான விசாரணை 2024 ஜூலையில் நடந்தது. இருபத்தேழு வருஷம். 1997இல் பிறந்த குழந்தை இங்கே இந்நேரம் சொந்தப் பெயரில் பாக்கி வாங்கியிருக்கும்.

ஒரு சொல் எழுதினவனையே திருப்பித் தாக்கின கதையும் இந்தப் பிரதிகளுக்குள் இருக்கிறது. இன ஒதுக்கலுக்கு எதிரான 1965 உடன்படிக்கையில் இனம், நிறம் ஆகியவற்றோடு 'வம்சாவளி' என்ற சொல்லையும் சேர்க்கச் சொன்னது இந்தியப் பிரதிநிதிகள்தான். 1996இல் அதே இந்தியா, சாதி என்பது இனம் அல்ல, ஆகவே இந்தக் குழுவுக்குச் சாதி பற்றிக் கேட்க அதிகாரம் இல்லை என்று அறிக்கை வைத்தது. குழு ஒத்துக்கொள்ளவில்லை. வம்சாவளி இனத்தை மட்டும் குறிக்காது என்று எழுதியது. 2002இல் வம்சாவளி பற்றித் தனிப் பொதுப் பரிந்துரையே வெளியிட்டு, சாதியை அதில் பெயர் சொல்லிச் சேர்த்தது. டர்பன் மாநாட்டுக்கு முன்னும் பின்னும் தலித் இயக்கங்கள் செய்த வேலை இதன் பின்னால் இருக்கிறது. அரசு எழுதிய சொல்லை அரசுக்கு எதிராக வாசித்துக் காட்டிய வேலை.

இனி இதே ஊரின் மிகக் கசப்பான பிரதிக்கு வருகிறேன். 2025 ஜூலையில் பள்ளிபாளையம் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் தரகர்கள் வழியாக விற்கப்பட்ட செய்தி வெடித்தது. அரசு விசாரித்தது. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரை அமர்வு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. பத்திரிகைகள் 'கிட்னி திருட்டு' என்று எழுதின. திருட்டு அல்ல. கையெழுத்துப் போட்டு, பணம் வாங்கி, கொடுத்திருக்கிறார்கள். அடைத்தது என்ன? பாக்கி, குழுக்கடன், வட்டி.

இதற்கான பிரதிகள் மூன்று. 2000ஆம் ஆண்டின் பலெர்மோ நெறிமுறை, மனிதக் கடத்தலின் சுரண்டல் வகைகளில் 'உறுப்புகளை அகற்றுதல்' என்று சொல்கிறது. அடைமொழி ஏதும் இல்லை. வழிமுறைகளில் ஒன்றாக 'ஒருவரின் நலிந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்துதல்' என்பதையும் சேர்க்கிறது. இந்தியா 2011இல் இதை ஏற்றது. 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவைத் திருத்தி எழுதியபோது அது 'வலுக்கட்டாயமாக உறுப்புகளை அகற்றுதல்' ஆகிவிட்டது. நலிந்த நிலை பற்றிய தொடர் காணாமல் போனது. கட்டாய உழைப்பும் சுரண்டல் பட்டியலில் இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவிலும் அந்த 'வலுக்கட்டாயமாக' அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல என்று அதே பிரிவு சொல்வது வேறு விஷயம். ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கை பிடுங்குகிறது. ஜெனீவாவுக்கும் டெல்லிக்கும் நடுவில் சேர்ந்த ஒரே ஒரு சொல், எங்க ஊர்க்காரரை வெளியே தள்ளக் காத்திருக்கிறது.

மூன்றாவது, 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம். நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவருக்கு உறுப்பு தர வேண்டுமானால் 'அன்பு அல்லது பற்று' முதலான காரணத்தை அனுமதிக் குழு முன் காட்ட வேண்டும். யோசித்துப் பாருங்கள். தறி ஓட்டுகிறவர் முன்பின் பார்த்திராத ஒருவர் மேல் தனக்கு அன்பு இருப்பதாக எழுதிக் கையெழுத்திடுகிறார். நம் காலத்து அகத்திணை. கைக்கிளையா பெருந்திணையா என்று பண்டிதர்கள் முடிவு செய்யட்டும்.

கோட்பாட்டு நண்பர்கள் இதற்குள் ஒரு ஆட்சேபம் வைத்திருப்பார்கள்: இந்த ஆவணங்கள் பாதிக்கப்பட்டவன் என்ற ஒரே உருவத்தைத்தானே கட்டமைக்கின்றன? உண்மை. பக்கத்துக் குமாரபாளையத்து விசைத்தறிகளை ஆராய்ந்த கீர்ட் டி நேவ் 1999இல் எழுதிய கட்டுரையில் 'பாக்கி' என்ற சொல்லையே தலைப்பில் வைத்தார். பாக்கி தொழிலாளியைக் கட்டுகிறது. அதே பாக்கியைத் தொழிலாளியும் கூடுதலாகக் கேட்டுப் பேரம் பேசுகிறார், சமயத்தில் தப்பித்து ஓடவும் செய்கிறார் என்று காட்டினார். ஜெனீவா மொழியில் இந்தச் சாமர்த்தியத்துக்கு இடமில்லை. அங்கே உள்ளே போக வேண்டுமானால் அழுதுகொண்டே போக வேண்டும். இந்தக் குறையை நான் மறைக்கவில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி ஆவணத்தை மூடிவைப்பவர்கள், அந்த அம்மாவுக்குப் பதிலாக என்ன கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கடன் அடிமைத்தனம் பற்றி ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஊர்மிளா பூலா 2016இல் அளித்த அறிக்கை, ஏ/எச்ஆர்சி/33/46, நம் அரங்குகளில் ஒரு கூட்டத்திலாவது வரிவரியாகப் படிக்கப்பட்டதா?

நுழையும் வழிகள் குறைவு. தனிநபர் புகார் அனுப்புவதற்கான விருப்ப நெறிமுறைகளில் இந்தியா சேரவில்லை. ஆகவே பள்ளிபாளையத்துக்காரர் ஒருவர் உடன்படிக்கைக் குழுவில் வழக்குப் போட முடியாது. சிறப்பு அறிக்கையாளர்களுக்கு யாரும் எழுதலாம், அவர்கள் அரசிடம் விளக்கம் கேட்கலாம். அரசு அறிக்கை விசாரணைக்கு வரும்போது இணை அறிக்கை அனுப்பலாம். இதையெல்லாம் விட முக்கியமானது தொழிற்சங்கத்துக்கு உள்ள வழி. தொழிலாளர் அமைப்பின் சாசனம் 23ஆம் பிரிவின்படி அரசு தன் அறிக்கையின் நகலைத் தொழிலாளர், முதலாளி அமைப்புகளுக்குக் கொடுக்க வேண்டும். சங்கங்கள் தங்கள் கருத்தை நேரடியாக ஜெனீவாவுக்கே அனுப்பலாம். செப்டம்பர் 1க்குள் போய்ச் சேர்ந்தால் அந்த வருஷக் கடைசியில் கூடுகிற நிபுணர் குழு அதைப் பார்க்கும். விசைத்தறிச் சங்கங்கள் கூலி உயர்வுக்கு எத்தனையோ முறை தறியை நிறுத்தியிருக்கின்றன. கூலி ஒப்பந்தத்தின் நகலும், பாக்கி எழுதின நோட்டின் பக்கங்களும், பட்டறை மாறினபோது பாக்கி கைமாறின விவரமும் அவர்கள் கையிலேயே இருக்கின்றன.

ஐ.நா.வின் ஆறு மொழிகளில் தமிழ் இல்லை, ஆகவே இதை இங்கிலீஷில்தான் எழுத வேண்டியிருக்கும். எழுதும்போது 'பாக்கி'யை 'அட்வான்ஸ்' என்று மொழிபெயர்க்கலாம், சட்டத்தின் சொல் அதுதான், வேலை சுலபம். ஆனால் அட்வான்ஸ் என்றால் முன்னால் கொடுத்தது, கொடுத்தவர் பக்கத்திலிருந்து பார்க்கிற சொல். பாக்கி என்றால் இன்னும் தீராதது, வாங்கினவர் பக்கத்துச் சொல். 'பாக்கி' என்றே எழுதி, பக்கத்தில் அந்த அம்மா சொன்ன மூன்று வாக்கியங்களை விளக்கமாக வைக்கலாம் என்பது என் யோசனை.